லேகிய டப்பாவைத் திறக்கும் முன்...

போன வருஷம் மே மாத லீவுக்கு என் தங்கை தன் பையனோடு வேளச்சேரிக்கு வந்திருந்தாள். பையனுக்கு நாலு வயசு. ஒரு இடத்தில் நிற்காத வாலு. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்து, மாடியில் காய்ந்த வடாத்தை நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து டப்பாவில் எடுத்து வைத்துக் கொண்டிருந்தோம்.

"என்னக்கா, பையன் சத்தத்தையே காணோம்?" என்றாள் தங்கை.

"வெயில்லே ஆடினான் இல்லே, தூங்கியிருப்பான். விடு" என்றேன் நான்.

நாலு மணிக்குப் போய் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்தான், கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. நிற்க வைத்தால் கால் துவண்டது. "பெரிம்மா" என்று குழறலாக ஒரு வார்த்தை. காரணமே இல்லாமல் ஒரு சிரிப்பு. மறுபடி கழுத்துத் தொங்கிப் போயிற்று. தங்கை போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்து விட்டார்கள். ஆட்டோவில் எப்படி ஏறினோம், விஜயநகர் சிக்னலை எப்படித் தாண்டினோம் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "குழந்தை என்ன சாப்பிட்டான்? வீட்டிலே யாராவது தூக்க மாத்திரை சாப்பிடறாங்களா?"

இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். ஆனாலும் வீட்டுக்குப் போன் போட்டேன். என் மாமியார் ஒவ்வொரு அறையாகத் தேடிப் பார்த்து விட்டுச் சொன்னார்: "ஏம்மா, உன் சின்ன அத்தையோட பை கட்டில் மேலே திறந்து கிடக்கு. அவ காசியிலேர்ந்து வாங்கி வந்த உருண்டைப் பொட்டலம் கிழிஞ்சிருக்கு. ரெண்டு உருண்டை குறையுதாம்!"

என் வீட்டுக்காரர் அந்தப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். கறுப்பு நிறம், நெல்லிக்காய் அளவு, வெல்லப்பாகு வாசனை. குழந்தைக்கு அது மிட்டாய் அல்லாமல் வேறென்ன? மேலே இருந்தது முழுக்க இந்தி எழுத்து. டாக்டருக்கும் படிக்கத் தெரியவில்லை. இந்தி தெரிந்த ஒரு நர்ஸ் வந்து படித்து விட்டு மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர், பாங்குன்னு போட்டிருக்கு."

சிறுநீர் பரிசோதனையும் அதையே சொன்னது. அன்று இரவு முழுக்க விரலில் ஒரு கிளிப், கையில் குளுக்கோஸ், பக்கத்தில் நாங்கள். மூச்சு சரியாக வருகிறதா என்று நர்ஸ் அடிக்கடி வந்து பார்த்துப் போனாள். மறுநாள் சாயங்காலம் பையன் கண் விழித்து "தோசை வேணும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத் தண்டீஸ்வரர் கோயிலில் வேண்டிக் கொண்டதை இன்னும் நான் செய்து முடிக்கவில்லை!

அத்தை மேல் தப்பா?

சின்ன அத்தை அழுத அழுகை சொல்லி மாளாது. மூட்டு வலியில் ராத்தூக்கம் இல்லாதவர். யாத்திரையில் கூட வந்த யாரோ ஒருவர், "இது நாட்டு மருந்து, வாயுவுக்கு நல்லது, நல்லாத் தூக்கம் வரும்" என்று சொல்லி வாங்க வைத்திருக்கிறார். அவருக்கு இந்தி தெரியாது. 'நாட்டு மருந்து என்றால் கெடுதல் இல்லை' என்று நாமெல்லாம் நினைக்கிற மாதிரிதான் அவரும் நினைத்தார்.

அந்தப் பொட்டலத்தை வீட்டுக்கு வந்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் விலாசம் கிடையாது. லைசென்ஸ் நம்பர் கிடையாது. ஓர் உருண்டையில் எவ்வளவு பாங்கு என்ற கணக்கு கிடையாது. யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள், கை கழுவி விட்டுச் செய்தார்களா? ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அப்போதுதான் எனக்குள் கேள்வி பிறந்தது. இந்த மாதிரிப் பொருளைச் செய்வதற்கு நம் நாட்டில் சட்டதிட்டம் உண்டா? உண்டு என்றால் அதை எப்படித் தெரிந்து கொள்வது? கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

ஒரே செடி, இரண்டு சட்டம்

பாங்கும் கஞ்சாவும் ஒரே செடிதான். பூவும் காயும் விட்ட நுனிப்பகுதி கஞ்சா. அதன் பிசின் சரஸ். வெறும் இலையை அரைத்தால் பாங்கு. 1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் தடை செய்கிறது. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும், அதுவும் அரசு அனுமதியோடு, விலக்கு. நுனிப்பகுதி சேராத தனி இலையும் விதையும் அந்தச் சட்டத்தின் 'கஞ்சா' என்ற சொல்லுக்குள் வரவில்லை. அதனால் இலை விஷயத்தை அந்தந்த மாநிலம் பார்த்துக் கொள்கிறது. உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்ஸ் பெற்ற பாங்குக் கடைகளே இருக்கின்றன. நம் ஊரில் அப்படிக் கடை கிடையாது. அங்கே கடையில் விற்றது என்பதற்காக இங்கே பையில் போட்டுக் கொண்டு வரலாம் என்று நினைத்து விடாதீர்கள்.

இந்தச் சர்ச்சை புதிதல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1893-ல் இதற்கென்றே ஒரு கமிஷன் போட்டார்கள். நாடு பூராவும் 1,193 பேரிடம் சாட்சியம் கேட்டு 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். அடியோடு தடை செய்ய வேண்டாம், லைசென்ஸும் வரியும் வைத்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அவர்கள் முடிவு. நூற்று முப்பது வருஷம் ஆகியும் உலகம் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்டுக் கொண்டிருக்கிறது.

நம் வைத்தியத்தில் உண்டா?

"நம்ம சித்த வைத்தியத்திலே இதெல்லாம் இருக்கா?" என்று எனக்குத் தெரிந்த ஒரு சித்த மருத்துவரைக் கேட்டேன். "இருக்கும்மா. சிவமூலின்னு பேர். பூரணாதி லேகியத்திலே சேரும். ஆனா சுத்தி பண்ணாம சேர்க்கறதில்லே, நோயாளியைப் பார்க்காம கொடுக்கறதில்லே" என்றார். ஆயுர்வேதத்தில் மதனகாமேஸ்வரி லேகியத்தில் சேர்க்கிறார்கள்.

உடனே என் மாமியாருக்கு ஒரு பயம். "நம்ம தீபாவளி லேகியத்திலே இல்லியே?" நல்ல கேள்விதான்! சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் என்று நாம் வீட்டில் கிளறும் லேகியத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தைரியமாகச் சாப்பிடலாம்.

ரவா லட்டும் முந்திரிப் பருப்பும்

செய்முறையில் இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பீர்கள். ரவா லட்டு பிடிக்கிறோம். ஒரு லட்டில் நாலு முந்திரி வந்து விடும், இன்னொன்றில் ஒன்றுகூட இருக்காது. முந்திரி என்றால் பிள்ளைகள் சண்டை போடுவார்கள், அவ்வளவுதான். அதே இடத்தில் போதைச் சரக்கு இருந்தால்? சரியாகக் கலக்காத பாகில் ஓர் உருண்டை சும்மா இருக்கும், அடுத்த உருண்டை ஆளைச் சாய்த்து விடும்.

போதாததற்கு, செடிக்குச் செடி வீரியம் வேறு. மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருந்தால் இந்தச் செடி அவற்றை நன்றாக உறிஞ்சிக் கொள்ளும். சரியாகக் காயவில்லை என்றால் பூஞ்சணம். பூச்சி மருந்து தனி. இத்தனையும் கண்ணுக்குத் தெரியாது. வெல்லமும் நெய்யும் போட்டுக் கிளறினால் மூக்குக்கும் தெரியாது. பரிசோதனைச் சாலைக்குத்தான் தெரியும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வாய் வழியாகச் சாப்பிட்டால் உடனே வேலை செய்யாது. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். "ஒண்ணும் பண்ணலியே" என்று பெரியவர்கள் இன்னொன்றை எடுத்து வாயில் போடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

லைசென்ஸ் என்றால் என்ன?

1940-ம் வருஷத்து மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தில், 1964-ல் ஆயுர்வேதம், சித்தா, யுனானி மருந்துகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். விற்பனைக்கு லேகியம் செய்ய வேண்டுமானால் 24-டி படிவத்தில் விண்ணப்பம், 25-டி படிவத்தில் லைசென்ஸ். தமிழ்நாட்டில் இதைக் கவனிக்கும் இந்திய மருத்துவத் துறை அலுவலகம் அரும்பாக்கத்தில், அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. தன்னிடம் வரும் நோயாளிக்குத் தானே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியருக்கு மட்டும் இந்த லைசென்ஸ் தேவையில்லை.

2000-ல் 'டி' அட்டவணை என்று ஒன்று வந்தது. மருந்து செய்யும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது அது. கச்சாச் சரக்குக்குத் தனி அறை, நல்ல தண்ணீர், வேலை செய்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, ஒவ்வொரு ஈட்டுக்கும் பதிவேடு, படித்த நிபுணரின் மேற்பார்வை. நம் சமையலறையை நாம் எப்படி வைத்துக் கொள்ள ஆசைப்படுகிறோமோ, கிட்டத்தட்ட அதேதான்!

மூலிகை மருந்தில் உலோகம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்றும் அளவு இருக்கிறது. பத்து லட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்கு.

இவை எல்லா மருந்துக்கும் பொது. கஞ்சாவுக்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. 'இ-1' என்ற பட்டியலில் எட்டி, ஊமத்தை, நாபி, சேராங்கொட்டை, நேர்வாளம், அபின் இவற்றோடு கஞ்சாவையும் விஷப் பொருளாகச் சேர்த்திருக்கிறார்கள். இவை சேர்ந்த, உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தின் லேபிளில், 'எச்சரிக்கை: மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும்' என்று பளிச்சென்று போட்டாக வேண்டும்.

நம் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் திருவான்மியூர். அங்கே 1944-ல் வைத்தியர்கள் கூட்டுறவாகத் தொடங்கிய இம்ப்காப்ஸ் மருந்து நிலையம் இருக்கிறது. மாநில அரசின் டாம்ப்கால் 1983-லிருந்து சித்த மருந்துகள் செய்கிறது. கணக்கோடும் பதிவோடும் நம் மருந்தைச் செய்ய முடியும் என்பதற்கு இவையெல்லாம் நம் கண் முன்னால் இருக்கும் சாட்சி. அப்படி இருக்க, விலாசமில்லாத பொட்டலத்தை நாம் ஏன் வாங்க வேண்டும்?

லேபிளில் பார்க்க வேண்டியவை

லேகியம், சூரணம், மாத்திரை எதுவானாலும் காசு கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. சித்த மருந்தா, ஆயுர்வேத மருந்தா என்ற குறிப்பு.
2. செய்தவர் பெயரும் முழு விலாசமும்.
3. தயாரிப்பு லைசென்ஸ் நம்பர்.
4. பேட்ச் நம்பர்.
5. செய்த தேதி, கெடு தேதி.
6. என்னென்ன சரக்கு, எவ்வளவு என்ற பட்டியல். விஜயா, பாங்கு, கஞ்சா, கன்னாபிஸ் எல்லாம் ஒன்றே என்று நினைவிருக்கட்டும்.
7. எச்சரிக்கை வாசகம்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் டப்பாவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து விடுங்கள். 'ஏழு நாளில் சர்க்கரை நோய் போகும்' என்கிற மாதிரி விளம்பரத்தையும் நம்பாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்.

மற்ற தேசங்களில்

கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சாவைப் பெரியவர்களுக்குச் சட்டபூர்வமாக்கினார்கள். அது சரியா தப்பா என்ற விவாதம் நமக்கு வேண்டாம். ஆனால் தின்பண்டமாக விற்க என்ன நிபந்தனை போட்டார்கள், கேளுங்கள். ஒரு பாக்கெட்டில் போதைச் சத்து 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும். குழந்தையைக் கவர்கிற கலரோ படமோ கூடாது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கரடி, பழம் போன்ற உருவத்தில் மிட்டாய் செய்வதை 2017-ல் தடுத்தார்கள்.

இவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? அமெரிக்காவில் ஆறு வயசுக்கு உட்பட்ட குழந்தைகள் இந்தத் தின்பண்டத்தைத் தெரியாமல் சாப்பிட்டதாக விஷ முறிவு நிலையங்களுக்கு வந்த தகவல் 2017-ல் 207, 2021-ல் 3,054. பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தவை. சட்டம் மூடி போட்டுக் கொடுத்தாலும், மூடியைத் திருகி அலமாரியின் உச்சியில் வைப்பது நம் கையில்தான் இருக்கிறது!

கள்ளத்தனமான தயாரிப்பின் கொடுமைக்கு ஓர் உதாரணம்: 2019-ல் அதே நாட்டில், புகையாக இழுக்கும் கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் கெட்டியாகத் தெரிவதற்காக வைட்டமின் ஈ அசிடேட்டைக் கலந்தார்கள். பாலில் தண்ணீர் கலக்கிற புத்திதான். நுரையீரல் வெந்து, கணக்கில் வந்தவர்கள் 2,807 பேர். 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்து விட்டார்கள்.

விதை எண்ணெய் வாங்கலாமா?

இப்போது கடைகளில் 'ஹெம்ப் சீட்' என்று விதையும் எண்ணெயும் வருகின்றன. எங்கள் குடியிருப்பில்கூட ஒரு பெண் கேட்டாள், "அக்கா, இது கஞ்சாவா?" அதே செடியின் விதைதான். விதைக்குப் போதை கிடையாது. 2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை உணவாக விற்க விதிமுறை போட்டது. போதைச் சத்து, விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. விதை முளைக்காததாக இருக்க வேண்டும். லேபிளில் இலைப் படம் போடக் கூடாது, நோய் தீரும் என்று எழுதவும் கூடாது. எனவே இலைப் படமும் 'கவலை தீரும், தூக்கம் வரும்' என்ற வாசகமும் உள்ள பாட்டில் விதிப்படி செய்ததல்ல என்று தெரிந்து கொள்ளுங்கள். உணவு ஆணையத்தின் 14 இலக்க நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழந்தை சாப்பிட்டு விட்டால்...

அளவுக்கு மீறிய தூக்கம், தள்ளாட்டம், குழறல், சிவந்த கண், வாந்தி, படபடவென்று அடிக்கும் நெஞ்சு ஆகியவை அறிகுறிகள். சில குழந்தைகளுக்கு மூச்சே மெதுவாகி விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தில்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற இலவச எண்ணில் பேசலாம். மோர், எலுமிச்சம்பழம், உப்புத் தண்ணீர் என்று எதையும் புகட்டாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரை மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அது மூச்சுக் குழாயில் போய் விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மிச்சப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். 'மானம் போகுமே, போலீஸ் வருமே' என்று பயந்து டாக்டரிடம் மறைக்கவே மறைக்காதீர்கள். இதற்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் கவனித்துக் கொண்டே இருப்பதுதான் வைத்தியம். அதனால் முன்கூட்டியே சொன்னால் வீண் ஊசியும் ஸ்கேனும் மிச்சம்.

பிள்ளையாண்டிருப்பவர்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்தச் சரக்குள்ள எதையும் தொடவே கூடாது. போதைச் சத்து தாய்ப்பாலில் இறங்கும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ள பெரியவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

எனக்கு ஒரு குறை

இவ்வளவு விசாரித்த பிறகு எனக்கு ஒரு குறை மிச்சம். அந்த எச்சரிக்கை வாசகத்தை இங்கிலீஷிலும் இந்தியிலும் போட வேண்டும் என்கிறது விதி. தமிழைப் பற்றி அது பேசவில்லை. எங்கள் சின்ன அத்தைக்கு இரண்டு பாஷையும் தெரியாது. வீட்டில் மருந்து வாங்குகிறவர்களும் பத்திரப்படுத்துகிறவர்களும் பெரும்பாலும் அவரைப் போன்ற பெண்கள்தானே? அவர்களுக்குப் புரியாத பாஷையில் எச்சரித்து என்ன லாபம்? மூடியைப் பற்றியும் அந்த விதியில் ஒரு வார்த்தை இல்லை. தமிழில் இரண்டு வரி, குழந்தை திறக்க முடியாத மூடி. மருந்து செய்கிறவர்களுக்கு இது பெரிய செலவா, சொல்லுங்கள்?

அது வரும்போது வரட்டும். நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், காபி கொடுத்து விட்டு முதல் காரியமாக அவர்கள் பையில் உள்ள மருந்துகளைக் கேட்டு வாங்கி, எட்டாத உயரத்தில் பூட்டி விடுவேன். "என்னம்மா, கஸ்டம்ஸ் ஆபீசர் மாதிரி சோதனை போடறே!" என்று கேலி செய்கிறார்கள். செய்து விட்டுப் போகட்டும்.

சின்ன அத்தை போன மாதம் வந்தார். நான் கேட்கும் முன்பே பையைத் திறந்து, மூட்டு வலித் தைலத்தை என் கையில் கொடுத்தார். "பார்த்துக்கோம்மா, நம்பர், தேதி எல்லாம் இருக்கு. கடைக்காரர்கிட்டே படிச்சுக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன்" என்றார். பையன் ஓடி வந்து, "பாட்டி, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?" என்றான். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு கடலை மிட்டாயை எடுத்து, முதலில் என்னிடம் நீட்டிக் காட்டி விட்டு, அப்புறம்தான் அவனிடம் கொடுத்தார்.